போன வாரம் யாராக இருந்தாய்?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், ஒரே மாதிரியான காணொளிகள் என் முகநூலில் வரிசைகட்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்று (நம்மூர்க் கால்பந்து இல்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம்) அரங்கில் உட்கார்ந்திருக்கும். பயிற்சியாளர் வேறு எதையோ பேசிக்கொண்டே வந்து, சட்டென்று ஒரு பையனின் பெயரைச் சொல்லி, இனி உனக்கு உதவித்தொகை உண்டு என்பார். நூறு பேர் பாய்ந்து அவனைத் தூக்கிவிடுவார்கள். அவன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து அழுவான். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பகிர்வோம்.

எனக்கு இந்தக் காணொளிகளைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. மூன்று வருடம் கூலியில்லாமல் வேலை வாங்கிவிட்டு நான்காம் வருடம் கூலி கொடுக்கிறவரை வேறெந்தத் தொழிலிலாவது வள்ளல் என்கிறோமா?

இந்தப் பையன்களுக்கு இங்கே ‘வாக்-ஆன்’ என்று பெயர். பல்கலைக்கழகமே வீடு தேடி வந்து, படிப்புச் செலவை ஏற்று அழைத்துப்போகும் ஆட்டக்காரர்களுக்கு முதல்தரப் பிரிவில் அண்மைக்காலம் வரை அணிக்கு 85 இடம்தான் இருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் உதவித்தொகை இல்லாமல் தாங்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள். கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அவரவர் குடும்பத்தின் பாடு. விடியற்காலையில் பளு தூக்குவதும், வெயிலில் ஓடுவதும், மூட்டு பிசகுவதும் மட்டும் எல்லாருக்கும் பொது.

எங்கள் தெருவில் அப்படி ஒருவன் இருந்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், நடுமேற்கில் ஒன்று. இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால் எங்கள் முற்றத்துச் சருகையும் சேர்த்தே வாரிப் போட்டுவிட்டுப் போவான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப் போயிருக்கும். பழைய அடி மஞ்சளாக, புதிய அடி கருநீலமாக. “போன வாரம் யாராக இருந்தாய்?” என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே ஏதாவது ஒரு பெயரும் எண்ணும் சொல்வான்.

அவன் இருந்தது ‘ஸ்கவுட் டீம்’ என்கிற பயிற்சி அணியில். வரும் சனிக்கிழமை மோதவிருக்கும் எதிரணி எப்படி ஆடுமோ, அப்படியே ஆடிக் காட்டுவது அவர்கள் வேலை. உதவிப் பயிற்சியாளர் ஒரு பெரிய அட்டையை உயர்த்திப் பிடிப்பார். அதில் எதிரணியின் வியூகம் வட்டமும் கோடுமாக வரைந்திருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அந்தக் கோட்டின் வழியே ஓட வேண்டும். எதிரணி நட்சத்திரத்தின் எண் போட்ட மேலாடையை மாட்டிக்கொண்டு, தன்னைவிட 30 கிலோ கூடுதலானவனிடம் போய் மோத வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் திட்டு. மிகச் சரியாகச் செய்து சொந்த அணியின் நட்சத்திரத்தைத் தடுத்துவிட்டாலும் சில நாள் திட்டு! சனிக்கிழமை சீருடை உண்டு, ஆட்டம் கிடையாது. வெளியூர் ஆட்டமென்றால் விமானத்தில் இடமும் கிடையாது.

சாப்பாட்டுக் கதை இன்னும் விசேஷம். 2014 வரை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, அணியின் முழுச் சாப்பாடு உதவித்தொகைக்காரர்களுக்குத்தான் இலவசம். வாக்-ஆன்கள் பசிக்குப் பழமும் கடலை வகைகளும் ‘பேகல்’ ரொட்டியும் தின்னலாம். அந்த ரொட்டியின் மேல் எதையாவது தடவிவிட்டால் அது சிற்றுண்டி இல்லை, சாப்பாடு என்று கணக்குப் பார்த்த காலமும் இருந்தது. ஒரே மைதானத்தில் ஒரே வியர்வை, உள்ளே போனால் பந்தி பேதம். 2014இல்தான் எல்லாருக்கும் அளவில்லாமல் சாப்பாடு போடலாம் என்று விதியை மாற்றினார்கள்.

இதையெல்லாம் சொன்னால் அலுவலக நண்பர்கள் உடனே பேக்கர் மேஃபீல்டை இழுத்துவருவார்கள். டெக்சாஸ் டெக், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களில் வாக்-ஆனாகச் சேர்ந்து, 2017இல் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, 2018இல் தொழில்முறை ஆட்டத்துக்கு முதல் ஆளாகத் தேர்வானவர். கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ரென்ஃப்ரோவும் வாக்-ஆன்தான். 2017 ஜனவரியில் அலபாமாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில் ஒரு நொடி மிச்சமிருக்கையில் பந்தைப் பிடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அழகான கதைகள்தாம். ஆனால் லாட்டரியில் விழுந்த சீட்டைக் காட்டி விழாத சீட்டுகளுக்குக் கணக்கு முடிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

வாக்-ஆன்களின் அருமை தெரிய வேண்டுமானால் நெப்ராஸ்காவைப் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் என்.எஃப்.எல். என்கிற தேசியத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் அணி கிடையாது. சோளக்காட்டு ஊர்ப் பையன்களுக்கெல்லாம் லிங்கன் நகரில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழக அணியின் சிவப்புச் சட்டையைப் போடுவதுதான் கனவு. 1973இல் டாம் ஆஸ்போர்ன் தலைமைப் பயிற்சியாளரானார். உதவித்தொகைக்கு நாடு முழுவதும் உச்சவரம்பு வந்ததும் அந்த ஆண்டுதான். வரம்பு 105இல் தொடங்கி, 95 ஆகி, 1990களில் 85 ஆனது. மற்றவர்கள் புலம்பியபோது ஆஸ்போர்ன் உள்ளூர்ப் பையன்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார். ஆள் நிறைய இருந்ததால் ஒரே நேரத்தில் பல இடங்களில் பயிற்சி நடந்தது. யாரும் கைகட்டி நிற்கவில்லை. 25 ஆண்டுகளில் 255 வெற்றிகள், 3 தேசியப் பட்டங்கள். இதில் அந்தச் சோளக்காட்டுப் பையன்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது அந்தக் கதவைத்தான் பாதி சாத்தியிருக்கிறார்கள். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, கல்லூரி ஆட்டக்காரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இது நியாயம், எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் அதே ஏற்பாட்டில் உதவித்தொகை வரம்பை எடுத்துவிட்டு, கால்பந்து அணியில் மொத்தமே 105 பேர் என்று தலைக்கணக்கு வைத்துவிட்டார்கள். 120, 130 பேர் இருந்த அணிகள் ஒப்புதல் வருவதற்கு முன்பே பெயர்களை அடிக்கத் தொடங்கிவிட்டன. யார் பெயரை முதலில் அடிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி வற்புறுத்திய பிறகு, நீக்கப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வந்தது. எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை, எடுத்துக்கொள்ளலாம்!

யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். நான்கு வருடம் கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பதும் உண்மைதான். கோடிகளில் பணம் புரளும் இடத்தில் இன்னும் 20 பையன்களுக்குத் தலைக்கவசமும் ஒருவேளைச் சோறும் எந்தக் கணக்கில் பாரமாயின என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தெருப் பையனின் பெயரும் அந்த வசந்தத்தில் அடிபட்டது. திரும்ப அழைப்பு வரவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவனுடைய பழைய அணியின் ஆட்டத்தைப் பார்த்தான். எதிரணியின் 44ஆம் எண்காரன் அசைவதற்கு முன்பே, “இப்போது இடப்பக்கம் பாய்வான்” என்றான். பாய்ந்தான். அடுத்த முறையும் சொன்னான், அதுவும் நடந்தது. என் மனைவி வியந்துபோய், அவனை உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“போன வருடம் ஒரு வாரம் நான்தான் அவன்” என்றான்.

மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் எழுந்துவிட்டான். கிடங்கில் அவனுக்கு மாலை நேர வேலை இருந்தது.