பிளாக்பூல் படங்களின் கீழ்ப்பாதியை வெட்டாதீர்கள்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கிற பிளாக்பூலின் பழைய புகைப்படங்களைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதை எடுத்தாலும் அந்த இரும்புக் கோபுரம் நிற்கிறது. பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த ஜான் பிக்கர்ஸ்டாஃப், தன் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முனைந்து எழுப்பியது. 1894 மே மாதம் திறந்தார்கள். உயரம் 518 அடி.

அழகான கோபுரம்தான். ஆனால் இப்போது அந்தப் படங்களைப் பகிர்கிறவர்கள் கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்ப்பாதியை வெட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய மனவருத்தம் உண்டு. ஏனென்றால் படத்தின் உயிரே அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது.

மணலில் கோட்டும் தொப்பியுமாக ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலிலும் டையைக் கழற்றியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைக்கும் பெண்கள். பெரும்பாலும் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். அங்கே ஒவ்வொரு ஆலை ஊரும் கோடையில் ஒரு வாரம் மொத்தமாக மூடிவிடும். 'வேக்ஸ் வாரம்' என்று பெயர். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர் என்று ரயிலேறி வந்துகொண்டே இருப்பார்கள். அந்த வாரத்துக்குப் பெரும்பாலானோருக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை பற்றிய சட்டமே 1938இல்தான் வந்தது. வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில்தான் அந்த ஏழு நாள். இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்க வந்ததற்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்த துணி அதே லங்காஷயர் ஆலைகளில் இருந்துதான் வந்தது. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் 1931இல் லங்காஷயரின் ஆலை ஊரான டார்வெனுக்குப் போன காந்தியை ஆலைப் பெண்கள் சூழ்ந்து நின்று வரவேற்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்தவர்களும் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். பிளாக்பூல் மணலில் அதே முகங்களைப் பார்க்கும்போது என் கோபம் அவர்களைத் தாண்டி ஆலை முதலாளியிடம்தான் போகிறது.

அப்புறம் இந்தச் செயற்கை நுண்ணறிவில் போட்டுச் 'சரிசெய்யும்' பழக்கம். மங்கிப்போன முகங்களை வழுவழுவென்று ஆக்கி, இல்லாத கண்ணையும் மூக்கையும் அதுவாக வரைந்துவிடுகிறது. அங்கே நின்றது யாரோ ஒருவருடைய பாட்டி. இப்போது அந்த இடத்தில் இருப்பது யாருமே இல்லாத ஒரு முகம். காலம் காட்டும் தடயங்களும் இதில் போய்விடும். பின்னணியில் ராட்சத ராட்டினம் தெரிந்தால் படம் 1896க்கும் 1928க்கும் இடைப்பட்டது. கோபுரத்தின் உச்சி இல்லையென்றால் போர்க்காலம், 1940இல் ரேடாருக்காகக் கழற்றினார்கள். வெட்டியும் பூசியும் விட்டால் இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது?

1937இல் ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் என்ற புகைப்படக்காரர் கோட்டுக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குள் நடந்தார். அவருக்கு வேண்டியிருந்தது மனிதர்கள்தான். அந்த வரிசைப் படங்களைத் தேடிப் பாருங்கள். உங்களிடம் பழைய பிளாக்பூல் அஞ்சலட்டை இருந்தால் ஓரம் கிழிந்திருந்தாலும் அப்படியே பதிவிடுங்கள். பின்பக்கத்துக் கையெழுத்தையும் சேர்த்து.