மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திரும்பப் பெறுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சேலம் ஐந்து ரோடு பக்கத்து மண்டபத்தில் நடந்த போகிமான் கார்டுப் போட்டியில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். மீதிப் பேர் இரண்டு நாளாக வாட்ஸ்அப் குழுவில் படித்திருப்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை. கார்டு உறைகளின் மூலை மடங்கியிருந்ததற்காக, பதினொரு வயதுப் பெண் ஒருத்தியை ஏமாற்றியவள் என்று மைக்கில் அறிவித்துத் தகுதி நீக்கம் செய்தார்கள், அவ்வளவுதான். நேற்று இரவு போட்டி நடத்தியவர் குழுவில் ஒரு வரி எழுதியிருந்தார். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான், சின்னப் பிள்ளை என்பதற்காக விட்டுவிட முடியாது." அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன். அந்த எல்லோரில் போட்டி நடத்துபவரும் உண்டு அல்லவா? நுழைவுக் கட்டணம் 300 ரூபாய் வாங்கியவர், மேசை போட்டவர், கடிகாரம் வைத்திருக்க வேண்டியவர், தீர்ப்புச் சொன்னவர், அதே போட்டியில் மூன்றாம் மேசையில் உட்கார்ந்து விளையாடியவர், எல்லாம் ஒரே ஆள். இத்தனையையும் ஒருவரே கையில் எடுத்துக்கொண்டால் விதி முதலில் அவரைத்தான் கட்டும். பதினொரு வயதுப் பெண்ணைக் கட்டுவதற்கு முன்னால் அவரைக் கட்டும்.

விளையாட்டைப் பற்றித் தெரியாத உறவினர்களும் இதைப் படிப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். போகிமான் கார்டு விளையாட்டில் ஒரு டெக் என்றால் சரியாக 60 கார்டு. போகிமான், அவற்றுக்குச் சக்தி தரும் எனர்ஜி, உதவிக்கு வரும் டிரெய்னர் என்று கார்டில் மூன்று வகை. அடிப்படை எனர்ஜியைத் தவிர வேறு எந்தக் கார்டும் ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. கார்டுகளை உறை போட்டு வைத்துக்கொள்வோம். எல்லா உறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின்பக்கத்தைப் பார்த்து இது இன்ன கார்டு என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. அடுத்து என்ன கார்டு வரும் என்று தெரிந்தவனோடு தெரியாதவன் எப்படி விளையாடுவது? நியாயமான விதி. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அந்தப் பெண்ணின் டெக்கில் பதினோரு உறைகளின் மூலை மடங்கியிருந்தது. உண்மை. நானே பார்த்தேன். அவளும் மறுக்கவில்லை. எதிரில் விளையாடிய இளைஞர் கையைத் தூக்கி நடுவரை அழைத்ததும் சரிதான், அது அவருடைய உரிமை. குழுவில் அவரைத் திட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகு நடுவர் என்ன செய்திருக்க வேண்டும்? டெக்கைக் குப்புற விரித்து, மூலை மடங்கியவற்றை மட்டும் தனியே எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பதினொன்றும் எனர்ஜியாகவோ, ஆட்டத்தைப் புரட்டிப்போடும் முக்கியமான கார்டுகளாகவோ இருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. எல்லா வகையும் கலந்து இருந்தால் அது பழைய உறை, அவ்வளவுதான். எச்சரித்து, உறையை மாற்றச் சொல்லி, ஆட்டத்தைத் தொடர விட வேண்டும். மேஜிக் என்ற இன்னொரு கார்டு விளையாட்டின் நடுவர் கையேட்டிலும் இதே பாகுபாடு இருக்கிறது. அடையாளம் தெரியும் கார்டுக்கு வழக்கமான தண்டனை எச்சரிக்கை. அடையாளங்களில் ஓர் ஒழுங்கு இருந்து, அதனால் ஆதாயம் பெற முடியும் என்றால் ஆட்டத் தோல்வி. தகுதி நீக்கம் தெரிந்தே ஏமாற்றியவனுக்கு உரியது. தெரிந்தே செய்தானா என்று விசாரிப்பது நடுவரின் வேலை.

இரண்டு நிமிட வேலை. விரித்துப் பாருங்கள் என்று நான் கேட்டேன். நேரமில்லை என்றார். அவருடைய ஆட்டம் மூன்றாம் மேசையில் பாதியில் நின்றிருந்தது, அதற்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. மைக்கை எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, கார்டில் அடையாளம் வைத்து ஏமாற்றியதால் தகுதி நீக்கம் என்று அறிவித்தார். 23 பேர் விளையாட வந்த மண்டபம். கூட வந்த பெற்றோர் வேறு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏமாற்றியதால். இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்? மூலை மடங்கியிருக்கிறது என்பது கண்ணால் பார்த்தது. ஏமாற்றினாள் என்பது அவராகச் சேர்த்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விசாரணை இருக்க வேண்டும். அது நடக்கவே இல்லை.

தகுதி நீக்கம் என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று இந்தப் போட்டிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். இவை ஸ்விஸ் முறையில் நடப்பவை. 1895இல் சூரிச் நகரத்துச் சதுரங்கப் போட்டியில் தொடங்கிய முறை அது. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள். 23 பேருக்கு ஐந்து சுற்று. நடந்தது இரண்டாம் சுற்று. ஆட்டத் தோல்வியே கொடுத்திருந்தாலும் அவள் இன்னும் மூன்று சுற்று விளையாடியிருப்பாள். மூன்று புதிய பிள்ளைகளோடு பேசியிருப்பாள்.

அதற்குப் பதிலாக நாலரை மணி வரை சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழைத்து வந்த மாமா வேறு வேலையாக ஊருக்குள் போயிருந்தார். ஏற்காட்டுக்கும் மேலே ஓர் எஸ்டேட் ஊர் அவளுடையது. விடிவதற்கு முன் கிளம்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பையை மடியில் வைத்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறாள். கார்டு கலைந்துவிடக் கூடாதாம். காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, அம்மாவால் வர முடியவில்லை. நான் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தாள். பீட்ரூட் சாறு இறங்கி, அடியில் இருந்த தாள் சிவந்துபோகும் வரை வைத்திருந்தாள்.

இனி நீங்கள் சொல்லப்போவதை எல்லாம் நான் அறிவேன். குழுவில் சொல்லிவிட்டீர்கள்.

உறையைச் சரியாக வைத்திருப்பது விளையாடுபவரின் பொறுப்பு என்கிறீர்கள். ஆமாம், அவள் பொறுப்புதான். எச்சரிக்கை வாங்கியிருக்க வேண்டியவள்தான். ஆனால் போட்டி தொடங்கும் முன் யாருடைய டெக்கையாவது யாராவது பார்த்தார்களா? கார்டுப் பட்டியல் எழுதி வாங்கினார்களா? என்ன குற்றத்துக்கு என்ன தண்டனை என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? ஒரே ஆட்டமாக நடக்கும் சுற்றுக்கு 30 நிமிடம். அதைக் காட்ட அந்த மண்டபத்தில் ஒரு கடிகாரம் இருந்ததா? விளையாடுபவரின் பொறுப்பைப் பேசும் வாய் நடத்துபவரின் பொறுப்பையும் பேச வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த உறைகள் போட்டி நடத்தியவரின் கடையிலேயே வாங்கியவை. மிக மலிவான, மெல்லிய உறை. நான்கு முறை கலைத்துப் போட்டால் மூலை மடங்கும்.

சிறிய ஊரில் நடத்துபவரே விளையாடுவது சகஜம் என்கிறீர்கள். சரி. மேஜிக் விதிகள்கூடச் சாதாரண நிலைப் போட்டிகளில் அதற்கு இடம் கொடுக்கின்றன, தரம் உயர்ந்த போட்டிகளில்தான் கூடாது. அவர் தன் வெற்றிக்காக இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். விசாரிக்காமல் ஒருவர் மேல் பழி போடுவது எப்படிப்பட்டது என்றுதானே இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் தீர்ப்புச் சொல்ல ஐந்து நிமிடம் இல்லாதவர் நடுவராக உட்காரக் கூடாது. பெரிய போட்டியில் ஒரு நடுவர் தவறினால் தலைமை நடுவரிடம் முறையிடலாம். இங்கே முறையிட யார் இருந்தார்கள்? மேலே யாரும் இல்லாத இடத்தில் இருப்பவருக்குப் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

இது நட்புக்காக நடத்திய போட்டி, பெரிதாக்காதீர்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நட்புப் போட்டியில் எதற்குத் தகுதி நீக்கம்?

என் மகன் நான்காம் சுற்றில் தோற்றதால்தான் இதை எழுதுகிறேன் என்று ஒருவர். என் மகன் தோற்றது அவனைவிட நன்றாக விளையாடிய ஒரு பையனிடம். இருவரும் வெளியே வந்து சேர்ந்தே கரும்புச் சாறு குடித்தார்கள். இதற்கு மேல் பதில் இல்லை.

உண்மையில் வலித்தது இன்னொன்று. "அவர் கைக்காசைப் போட்டு நடத்துகிறார், இப்படிப் பேசினால் சேலத்தில் இனி யார் போட்டி நடத்துவார்கள்?" இதைக் கேட்டவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவருக்கு நான் யார் என்று தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் போட்டிக்காக மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கியவள் நான். அஸ்தம்பட்டியில் ஒரு மேலாளர் கார்டுப் போட்டி என்றதும் "சீட்டாட்டமா அம்மா?" என்று கேட்டு எழுந்து நின்றுவிட்டார். இதில் பணம் வைத்து ஆடுவது கிடையாது, முடிவின் மேல் பந்தயம் கட்டினாலே போட்டியிலிருந்து விலக்கிவிடுவோம், பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள் என்று அரை மணி நேரம் பேசினேன். விதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அந்த விதித்தாள்தான் நம் மானத்தைக் காப்பாற்றியது. அதனால்தான் நடத்துபவர் விதியைத் தூக்கி எறிந்தால் எனக்கு இவ்வளவு எரிகிறது.

நானும் நடுவராக இருந்து தவறு செய்திருக்கிறேன். ஒரு பையனின் டெக்கில் 59 கார்டுதான் இருந்தது. ஆட்டத் தோல்வி கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து அந்த ஒரு கார்டு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. குனிந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அடுத்த சுற்று தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி, தவறு என்னுடையது, அவன் மேல் குற்றமில்லை என்று உரக்கச் சொன்னேன். அவன் அம்மாவிடம் தனியாகவும் சொன்னேன். எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

உரக்கச் சொல்ல வேண்டும் என்பதை நான் கற்றது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் என் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார், அப்பா கொலுசாக்கி, சேதாரம் கழித்து, நிறுத்துத் திருப்பிக் கொடுப்பார். 1994இல் ஒரு நாள், 12 கிராம் குறைகிறது என்று ஒரு வியாபாரி கடை வாசலில் நின்று கத்தினார். தெருவே கேட்டது. நான் ஐந்தாம் வகுப்பு, அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போயிருந்தேன். அப்பா பதில் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு அந்த வியாபாரி வீட்டுக்கு வந்தார். குறைவதாகச் சொன்ன திருகாணிப் பொட்டலம் அவருடைய மேசை இழுப்பறையிலேயே இருந்ததாம். திண்ணையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். கத்தியது தெருவுக்குக் கேட்டது. மன்னிப்பு என் அம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் இரண்டு பட்டறைக்காரர்கள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. அப்பா கடைசி வரை அந்த 12 கிராமைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது இவரும் அதையேதான் செய்கிறார். வேண்டுமானால் அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் தொலைபேசியில் பேசுகிறேன் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். தனியாக எதற்கு?

குழுவில் இன்னொருவர், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த விதியெல்லாம் எங்கே தெரியும், பாவம் என்று எழுதினார். அதற்கு ஒன்பது பேர் கைகூப்பிப் படம் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு அந்த விளையாட்டின் விதி அவள் அளவுக்குத் தெரியும்? முதல் சுற்றில் எதிராளி ஒரே முறையில் இரண்டு எனர்ஜி வைத்தபோது, தவறு என்று பணிவாகச் சொல்லித் திருத்தியவள் அவள். யாருடைய பாவமும் அவளுக்கு வேண்டாம். கோடையில் குளிருக்கு ஏறிப் போய்ப் படகில் சுற்றிவிட்டு வரும் ஊர் என்றால், அங்கே இருப்பவர்கள் எல்லாம் உங்களுக்குக் கீழா?

நானும் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். நேரமில்லை என்றபோது விட்டுவிட்டேன். அந்த மேசையை விட்டு நகராமல் நின்றிருக்க வேண்டும். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நேற்று மாலை அவள் அம்மாவின் எண்ணுக்கு அழைத்தேன். அவளே எடுத்தாள். நான் ஆரம்பிப்பதற்குள், "அக்கா, அந்தப் பதினோரு கார்டும் என்னென்ன என்று எழுதி வைத்திருக்கிறேன், சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போனதும் அன்றிரவே விரித்துப் பார்த்திருக்கிறாள். நடுவர் செய்ய வேண்டிய வேலையை அவள் செய்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் எழுதிக்கொண்டேன்.

அண்ணா, அடுத்த மாதம் மறுபடியும் போட்டி வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். முதல் சுற்று தொடங்கும் முன் அதே மைக்கில் இதைப் படியுங்கள். அடிப்படை எனர்ஜி மூன்று. போகிமான் நான்கு. டிரெய்னர் நான்கு.