முதல் வரியில் மூலம் என்று எழுதுங்கள்

குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போன வாரம் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். நடுவில் புற்றுநோய்க்கு அடையாளமாகப் பெரிய நண்டு, மேலே "பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு". எதிர் பெஞ்சில் இருந்த பெண்கள் யாரும் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் அத்தையும் பார்த்திருக்க மாட்டார். தனக்கு வந்தது மூலம் என்றுதான் ஒன்றரை வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்.

கோத்தகிரி பக்கம் கொழுந்து பறித்தவர். ரத்தம் போவதை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து துத்தி இலை வரவழைத்து, விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டிக்கொண்டார். மூச்சு வாங்கியது, உடம்பு வெளுத்தது. ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. வயது 47. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

அதனால்தான் சொல்கிறேன், நோட்டீஸின் முதல் வரியிலேயே மூலம் என்ற சொல் வரவேண்டும். "மூலம்தானே என்று விட்டுவிட்டீர்களா? ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்." மலம், ரத்தம் என்று எழுத நாமே கூசினால் அவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

நண்டைப் போட்டுப் பயமுறுத்தவும் வேண்டாம். பயந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல்வதற்கு நல்ல சேதியே இருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் மரு மாதிரி ஒரு சின்ன வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. பாலிப் என்பார்கள். அது புற்றாக மாறப் பொதுவாக 10 வருஷம்போல ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபியில், அதாவது ஆசனவாய் வழியாக கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனையில், பார்த்துவிட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. இதை எந்த நோட்டீஸிலும் நான் படித்ததில்லை.

அப்புறம், விடியுமுன் இருட்டில் ஒதுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் ரத்தத்தை எங்கே பார்ப்பது? கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் காட்டிக்கொடுக்கும் மலப் பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்பே, எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். அத்தை பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கில் 37. அவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. பெரியவனுக்கு வருகிற தையில் 37 ஆகிறது, நான்தான் கூட்டிப்போகிறேன்.

ஒட்டும் இடமும் ஆஸ்பத்திரிச் சுவர் இல்லை. கொழுந்து எடை போடுமிடத்தில் பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்களே, அங்கே ஒட்டவேண்டும். அச்சுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். எஸ்டேட்டில் அனுமதி வாங்கித் தரக்கூடியவர்கள், படுக மொழியில் பேசிப் பதிவுசெய்து தரக்கூடிய அக்காமார்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.