மணிலாவுல ஒரு பழைய வீடு, வயசு நாப்பது சொச்சம்

போன மாசம் ஆபீஸ் வேலையா பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா போயிருந்தேன், ஒரே ஒரு ஞாயித்துக்கெழம சும்மா கெடச்சுது, கூட வேல பாக்கற பொண்ணு ஒண்ணு "இன்ட்ராமுரோஸ் போங்க, காசா மணிலா பாருங்க, ஸ்பானிஷ்காரன் காலத்து வீடு, அப்படியே மியூசியமா வச்சிருக்காங்க"ன்னு சொல்லிச்சு. நமக்குதான் பழைய வீடுன்னா ஒரு கிறுக்கு உண்டே, காலைலயே கெளம்பிட்டேன்.

இன்ட்ராமுரோஸ்னா மதிலுக்குள்ளன்னு அர்த்தம். 1571ல ஸ்பானிஷ்காரன் மணிலாவப் பிடிச்சான், அதுக்கப்புறம் கட்டின கோட்டை நகரம் இது, 1898 வரைக்கும் அவன் ராஜ்யம்தான். இங்க செக்யூரிட்டிகாரங்க கூட அந்தக் காலத்து போலீஸ் யூனிஃபார்ம்ல நிக்கறாங்க, அந்த வெயில்ல பாவமா இருந்துச்சு.

வீடு சும்மா சொல்லக்கூடாது, அசத்தல். இந்த மாதிரி வீட்டுக்கு அவங்க பாஷைல பஹாய் நா பாட்டோன்னு பேரு, கல் வீடுன்னு அர்த்தம், ஆனா கீழ்த்தளம் மட்டும்தான் கல்லு, மேல பூரா மரம். அதுக்குக் காரணம் பூகம்பம். கூரையோட பாரத்தைத் தாங்கறது மரத்தூண்தான், கல் சுவர் பாவாடை மாதிரி சுத்தி நிக்குது, ஆட்டம் வந்தா மரம் வளைஞ்சு குடுத்துரும். 1863ல வந்த பூகம்பத்துல கதீட்ரலே இடிஞ்சு விழுந்துருக்கு, அதுக்கப்புறம் தலைல விழற ஓடே வேணாம்னு நெறைய பேர் தகரக் கூரைக்கு மாறிட்டாங்களாம். கீழ வண்டி நிறுத்த எடம், மரப்படி ஏறினா ஹால், சாப்பாட்டு ரூம், சமையக்கட்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜன்னல். கண்ணாடி கெடையாது, காப்பிஸ்னு ஒரு சிப்பி, தட்டையா மெல்லிசா இருக்கும், அத சின்னச் சின்ன சதுரமா வெட்டி மரச்சட்டத்துல பதிச்சிருக்காங்க. வெளிய மண்டையப் பொளக்கற வெயிலு, உள்ள வரும்போது பால்ல நனைச்ச மாதிரி வெளிச்சம். பெரிய ஜன்னலுக்குக் கீழ தரையோட ஒட்டி குட்டி ஜன்னல் வேற, மழைக்கு மேல சாத்திட்டாலும் கீழ வழியா காத்து வரும். ஏசி இல்லாத காலத்து மூளை. இப்ப அங்க கட்டற ஃபிளாட்டும் நம்மூரு ஃபிளாட்டும் ஒரே அடுப்புதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். சுத்திப் பாத்துட்டு முத்தத்துல உக்காந்து போன்ல தேடறேன், அப்பதான் தெரியுது, இது பழைய வீடே இல்ல. 1980கள்ல கட்டினது. அப்ப அதிபரா இருந்த மார்கோஸோட சம்சாரம் இமெல்டா மார்கோஸ் அம்மா கட்டச் சொன்னது. மணிலாவுலயே பினோன்டோங்கற பகுதில 1850கள்ல இருந்த ஒரு வீட்டைப் பாத்து காப்பி அடிச்சிருக்காங்க, உள்ள இருக்கற மேசை நாற்காலிதான் நெஜமாவே பழசு, அதுவும் அங்கங்க சேத்து வச்சது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, பத்து நிமிஷம் முன்னாடி அந்த மாடிப்படி கைப்பிடிய தடவிப் பாத்து இதுல எத்தன கை பட்டிருக்குமோன்னு உருகினவன் நான்.

கோவம் வந்துச்சு, ஆனா அப்புறம் இந்த ஊரு கதைய யோசிச்சா அவங்கள திட்டவும் மனசு வரல. ரெண்டாம் உலகப்போர்ல, 1945 பிப்ரவரில ஒரே மாசம் நடந்த சண்டைல கிட்டத்தட்ட ஒரு லட்சம் பொதுஜனம் செத்திருக்காங்க, ஜப்பான்காரன் வெட்டியும் எரிச்சும் கொன்னான், அமெரிக்காகாரன் பீரங்கி குண்டு போட்டு மதிலுக்குள்ள இருந்ததெல்லாம் தரைமட்டம் ஆக்கினான். உருப்படியா மிஞ்சினது இந்த வீட்டுக்கு எதிர்ல இருக்கற சான் அகுஸ்டின் சர்ச், 1607ல முடிச்சது. அப்படி எல்லாம் போன ஊர்ல ஒரு வீட்டையாவது திருப்பிக் கட்டிப் பாக்கணும்னு தோணறது தப்பா என்ன? இது காப்பிதான்னு போற வரவனுக்கெல்லாம் தெரியற மாதிரி சொல்லிட்டா போதும், இன்னும் பெருமையாவே இருக்கும்.

எனக்கு வருத்தம் வேற எடத்துல. கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டு, எந்த வாழ்க்கையக் கட்டறதுன்னு தேர்ந்தெடுத்தாங்க பாருங்க. பூரா பூரா எஜமானன் வாழ்க்கை. சாப்பாட்டு மேசைக்கு மேல நீளமா ஒரு துணி பங்கா, கயித்தப் பிடிச்சு இழுத்து வீசற விசிறி, தொங்குது, நம்ம கலெக்டர் ஆபீஸ், கோர்ட்லல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல இருந்துச்சே, அதே சாமான். அத இழுக்க ஒரு பையன் நின்னுருப்பான்ல, தொரை சூப் குடிச்சு முடிக்கற வரைக்கும்? அவன் எங்க படுத்தான், என்ன தின்னான், வீட்ட விட்டு எப்ப போனான், அந்த மேசைல அவன் சாயலே இல்ல. தரைப்பலகைய தேங்கா மட்டைய கால்ல வச்சுத் தேச்சுத் தேச்சு பளபளன்னு ஆக்கின பொம்பளைங்க எங்க? அந்தக் காலத்துல 16லருந்து 60 வயசு வரைக்கும் ஆம்பளைங்க வருஷத்துக்கு 40 நாள் கட்டாய வேல பாக்கணும்னு சட்டம், மரம் வெட்டறது, கப்பல் கட்டறது, சர்ச் கட்டறது எல்லாம் அந்தக் கைதான், 1884லதான் 15 நாளா கொறச்சாங்க. இதப் பத்தி ஒரு ரூம் வைக்கக்கூடாதா? வீட்லதான் அத்தன ரூம் இருக்கே!

ஜனம் எங்க கூட்டமா நிக்குதுன்னா கக்கூஸ் ரூம்ல. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்கார்ற மாதிரி ரெண்டு ஓட்டை போட்ட பலகை, நடுவுல தடுப்பு கெடையாது. கியூல நின்னு செல்ஃபி. நானும் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பங்கா கயித்துக்கிட்ட ஒருத்தரும் நிக்கல.

நமக்கும் இந்த மதிலுக்கும் ஒரு கணக்கு உண்டுங்கறது நெறைய பேருக்குத் தெரியாது. 1762ல வெள்ளைக்காரன் மணிலாவ அடிக்கப் படை அனுப்பினது நம்ம மெட்ராஸ்லருந்துதான். டிரேப்பர்னு ஒருத்தன் தலைமை, கூட நூத்துக்கணக்குல நம்ம பக்கத்து சிப்பாய்ங்க, அக்டோபர் 6ஆம் தேதி ஊரு விழுந்துச்சு. 1764ல வெள்ளைக்காரன் கெளம்பினப்ப சிப்பாய்ல கொஞ்ச பேர் திரும்பி வராம அங்கயே காயின்தாங்கற ஊர்ல தங்கிக் கல்யாணம் காட்சின்னு ஆயிட்டாங்க, அவங்க வம்சம் இன்னிக்கும் இருக்கு. டிரேப்பர் பேரு புக்குல இருக்கு, இவங்க பேரு எதுவும் இல்ல. பங்கா பையன் கேஸ்தான் இதுவும்.

வெளிய வந்தா ஒரு அம்மா பூண்டு போட்டு வறுத்த கடலைய பொட்டலம் கட்டி வித்துட்டு இருந்தாங்க. "மானி, மானி"ன்னு கூவறாங்க, அங்க கடலைக்குப் பேரு அதான். நான் திண்டிவனத்துக்காரன், எங்கூர்ல கடலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மல்லாட்டைதான், எழுதும்போது மணிலாக்கொட்டை. எங்க ஊரு ஆராய்ச்சி நிலையத்துல வந்த டி.எம்.வி ரக மல்லாட்டைல டி.எம்.வின்னாலே திண்டிவனம்தான். அந்த அம்மாகிட்ட அரைகொற இங்கிலீஷ்ல "எங்க ஊர்ல இதுக்குப் பேரே மணிலா"ன்னு சொன்னேன். நம்பல. பக்கத்து எளநிக் கடைக்காரன்கிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சாங்க, அப்புறம் ஒரு கைப்பிடி சேத்துப் போட்டுக் குடுத்தாங்க.

கொஞ்சம் காரம் ஜாஸ்தி, ஆனா நல்லா இருந்துச்சு. வீடு பாக்கப் போறவங்க திங்கக்கெழம போயிராதீங்க, பூட்டியிருக்கும்.