பைபிளை எங்கிருந்து தொடங்குவது? மாற்கிலிருந்து

பைபிளை முதன்முதலாகப் படிக்க உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத்தான் திறக்கிறார்கள். எந்தப் புத்தகமானாலும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதுதானே வழக்கம்? அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் கையில் இருப்பது பல நூற்றாண்டுகளில் பலர் எழுதிய 66 நூல்களின் தொகுப்பு. கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக்கின் ஞானம் முதலியவையும் சேர்ந்து 73. இவற்றை அடுக்கியவர்கள் புது வாசகரை மனதில் வைத்து அடுக்கவில்லை. பவுல் எழுதிய கடிதங்களான நிருபங்களையே பாருங்கள். சபைகளுக்கு எழுதியவை முன்னால், தனி ஆட்களுக்கு எழுதியவை பின்னால். இரண்டு பிரிவிலும் ஏறக்குறையப் பெரியது முதலில், சிறியது கடைசியில். எது முதலில் எழுதப்பட்டது, எது எளிது என்பதற்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் எங்கே நிற்பார் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 66 நூல்களில் மொத்தம் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றேகால் அதிகாரம் படிக்க வேண்டும். ஜனவரி 1 அன்று தொடங்கினால் ஆதியாகமத்தின் 50 அதிகாரங்கள் விறுவிறுவென்று போகும். யாத்திராகமத்தில் எகிப்து, வாதைகள், செங்கடல், சீனாய் மலை வரை பிரச்சினை இல்லை. ஜனவரி நான்காவது வாரத்தில் 25-ஆம் அதிகாரம் வரும். அங்கிருந்து 31 வரை, இஸ்ரவேலர் வழிபாட்டுக்கென்று செய்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், பலகைகள், கொளுவிகள், திரைகள். 35 முதல் 40 வரை, சொன்னபடியே செய்தார்கள் என்று ஏறக்குறைய அதே விவரம் மறுபடியும். இந்தப் 13 அதிகாரங்களைத் தாண்டியவுடன் லேவியராகமத்தில் ஏழு அதிகாரங்களுக்குப் பலிகளின் விதிமுறை. புத்தகம் மூடப்படும் இடம் இதுதான். படிப்பவருக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பலிகளும் கூடாரமும் எதற்கு என்பது தெரியாமல் அங்கே வந்து சேர்ந்ததுதான் காரணம்.

எனவே என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷ நூல்களில் மாற்கு எழுதியதில் தொடங்குங்கள். யோவானில் தொடங்கச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். யோவான் மிக அருமையான நூல், மறுக்கவில்லை. ஆனால் 13 முதல் 17 வரை ஐந்து அதிகாரங்களில் பெரும்பகுதி ஒரே இரவின் நீண்ட உரையாடல். பேசுகிறவர் யார் என்பது ஏற்கெனவே ஓரளவு பழகியிருந்தால்தான் அதன் கனம் தெரியும். மத்தேயு வம்ச அட்டவணையோடு தொடங்குகிறது. ஆபிரகாம், தாவீது, பாபிலோன் சிறையிருப்பு மூன்றும் தெரிந்தவருக்கு அது பெரிய அறிவிப்பு, தெரியாதவருக்கு வெறும் பெயர்ப் பட்டியல். மாற்கு 16 அதிகாரங்கள்தான். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது. அறிஞர்களில் பெரும்பாலோர் நான்கில் முதலில் எழுதப்பட்டது இதுதான் என்கிறார்கள். பிறப்புக் கதை இல்லை, முன்னுரை இல்லை. 9-ஆம் வசனத்திலேயே இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெறுகிறார்.

முதல் தடவை ஒரே அமர்வில் படித்து முடியுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். சபையில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம், அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டாம், கோடு போட வேண்டாம். 13-ஆம் அதிகாரம் குழப்பும், அப்படியே கடந்து போங்கள். இந்த முதல் வாசிப்பைத் தவிர்த்துவிட்டு நேரே தினம் பத்து வசனம் என்று இறங்குபவர்களுக்கு முழு ஓட்டமும் கண்ணில் படுவதே இல்லை.

இரண்டாவது வாசிப்பை ஆறு நாளாகப் பிரியுங்கள். அதிகார எண்களை நம்பிப் பிரிக்காதீர்கள். அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. வசன எண்கள் 1551-இல் ஓர் அச்சகர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவை. சில இடங்களில் பேச்சின் நடுவிலேயே வெட்டியிருக்கிறார்கள். மாற்கு 9:1 உண்மையில் 8-ஆம் அதிகாரக் கடைசிப் பேச்சின் தொடர்ச்சி. நான் பரிந்துரைக்கும் பிரிவு இது: 1:1 முதல் 3:6 வரை, 3:7 முதல் 6:6 வரை, 6:7 முதல் 8:21 வரை, 8:22 முதல் 10:52 வரை, பிறகு 11 முதல் 13, கடைசியாக 14 முதல் 16. முதல் மூன்று பகுதிகளும் எப்படி முடிகின்றன என்று கவனியுங்கள். முதலாவது, அவரைக் கொலைசெய்ய எதிரிகள் ஆலோசனை செய்வதில் முடிகிறது. இரண்டாவது, சொந்த ஊர்க்காரர்களே அவரை நம்பாததில். மூன்றாவது, கூடவே இருக்கும் சீஷர்களைப் பார்த்து இன்னுமா உங்களுக்கு விளங்கவில்லை என்று அவர் கேட்பதில். எதிரி, ஊர், நண்பர்கள் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நான்காவது பகுதியில்தான் நிதானமாக உட்கார வேண்டும். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனுஷர் மரங்களைப்போல நடக்கிறது தெரிகிறது என்கிறான். மறுபடியும் தொட்ட பிறகே தெளிவாகப் பார்க்கிறான். இரண்டு கட்டமாக நடக்கும் குணமாக்குதல் நான்கு சுவிசேஷங்களிலும் இது ஒன்றுதான். வல்லமை போதவில்லையோ என்று முதல்முறை படிப்பவர் மிரளக்கூடும். நான்கே வசனம் தள்ளிப் பாருங்கள். பேதுரு, நீர் கிறிஸ்து என்கிறான். சரியான பதில். உடனே, நான் பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று இயேசு சொல்ல, அதே பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான். பார்வை வந்துவிட்டது, தெளிவு வரவில்லை.

இந்தப் பகுதியில் இதையும் சேர்த்துத் தம் மரணத்தை இயேசு மூன்று முறை முன்னறிவிக்கிறார்: 8:31, 9:31, 10:33. மூன்று முறையும் சீஷர்கள் தவறவிடுகிறார்கள். இரண்டாம் முறைக்குப் பின் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாதாடுகிறார்கள். மூன்றாம் முறைக்குப் பின் யாக்கோபும் யோவானும் வந்து, உம்முடைய மகிமையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் எங்களுக்கு வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டு இடங்களும் யாருக்குக் கிடைத்தன என்பது 15:27-இல் இருக்கிறது. அவரோடு சிலுவையில் அறையப்பட்ட இரண்டு கள்ளர்களுக்கு. பகுதியின் முடிவில் எரிகோவில் இன்னொரு குருடன், பர்திமேயு. அவன் ஒரே தடவையில் பார்வையடைந்து வழியில் அவருக்குப் பின்னே போகிறான். மாற்கு சம்பவங்களைச் சும்மா வரிசையாகக் கொட்டவில்லை, யோசித்துக் கோத்திருக்கிறார். தினம் ஒரு வசனம் படிப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

மூன்றாவது வாசிப்பில்தான் ஒத்துவாக்கியங்கள். பக்க ஓரத்திலோ அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்கள்தான் பழைய ஏற்பாட்டுக்குள் போகும் வாசல். எல்லாவற்றையும் தேடினால் மூச்சு முட்டும். நான்கு போதும். 1:6-இல் யோவான் ஸ்நானகனின் ஒட்டகமயிர் உடையும் வார்க்கச்சையும் வருகின்றன. 2 இராஜாக்கள் 1:8-இல் எலியாவின் தோற்றத்தைப் பாருங்கள். 12-ஆம் அதிகாரத் திராட்சத்தோட்ட உவமைக்கு ஏசாயா 5. 14:62-க்குத் தானியேல் 7. 15:34-இல் சிலுவையில் எழும் கூப்பிடுதலுக்குச் சங்கீதம் 22. ஒரு விதி: குறிப்பிட்ட வசனத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். சங்கீதம் 22-இன் முதல் வரிதான் இயேசுவின் வாயில் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டில் உடைகளைச் சீட்டுப்போட்டுப் பங்கிடுவதும் இருக்கிறது, பின்பாதியில் துதியும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மாற்கு 15-க்குத் திரும்பினால் அந்தக் காட்சியே வேறு மாதிரி தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகு ஆதியாகமத்தைத் திறங்கள். 5, 10, 36 அதிகாரங்களின் வம்ச வரலாறுகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். யாத்திராகமத்தில் 1 முதல் 20, பிறகு 24, பிறகு 32 முதல் 34. தாவீதின் கதைக்கு 1 சாமுவேல் 16 தொடங்கி 2 சாமுவேல் 12 வரை, 28 அதிகாரங்கள். தீர்க்கதரிசிகளில் யோனா முதலில். நாலே அதிகாரம், ஒரு கேள்வியோடு முடியும். அடுத்து ஆமோஸ். ஏசாயாவும் எரேமியாவும் பெரிய நூல்கள். இராஜாக்களின் வரலாறு தெரியாமல் அவற்றில் இறங்கினால் யார் யாரிடம் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்றே பிடிபடாது.

பிறகு லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். ஒரே ஆசிரியர் ஒரே ஆளுக்கு எழுதிய இரண்டு பாகங்கள் இவை, சேர்த்து 52 அதிகாரங்கள். அச்சில் நடுவே யோவான் வந்து பிரித்துவிட்டது. நீங்கள் சேர்த்தே படியுங்கள். நிருபங்களை நடபடிகளோடு கோத்துக்கொள்வது நல்லது: 16-ஆம் அதிகாரம் முடித்ததும் பிலிப்பியர், 17-க்குப் பின் 1 தெசலோனிக்கேயர், 18-க்குப் பின் 1 கொரிந்தியர். நிருபம் என்பது தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது போல. எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று ஊகித்தபடியே படிக்க வேண்டும். ரோமரை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். யோவானை இங்கே படியுங்கள், முதலில் படித்திருந்தால் கிடைத்திருப்பதைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

சங்கீதங்களுக்குத் தனி முறை. அவை ஜெபங்கள். மற்ற வாசிப்போடு தினம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதத்தில் 150-உம் முடியும். 119 மட்டும் 176 வசனம். அதை எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். 13, 42, 88 போன்ற புலம்பல்களைத் தாண்டிப் போகாதீர்கள். 88 இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது பெரிய ஆறுதல்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய வாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். வசன அட்டைகளை மட்டுமே நம்பியிருப்பதும் வேண்டாம். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தைச் சுவர்களில் எவ்வளவோ பார்த்திருப்பீர்கள். யோபு 8:7. அதைச் சொன்னவன் பில்தாத். பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் இது என்கிற பேச்சின் நடுவே சொல்கிறான். 42:7-இல் கர்த்தர், பில்தாதும் மற்ற நண்பர்களும் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அல்ல. நல்ல முடிவை வாக்களிக்கும் எரேமியா 29:11-உம் அப்படித்தான். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. ஒரு வசனம் மனதைத் தொட்டால் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், முன்னும் பின்னும் என்ன என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு? தமிழ்ச் சபைகள் பலவற்றில் நெடுநாளாகப் புழங்கும் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலின் நடை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் முதல் வாசிப்புக்கு எளிய நடையில் உள்ள ஒன்றை எடுங்கள். 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு நல்ல தேர்வு. அதில் நூல்களின் பெயர்கள் மாறும்: ஆதியாகமம் தொடக்க நூல், சங்கீதம் திருப்பாடல்கள், நடபடிகள் திருத்தூதர் பணிகள். இரண்டையும் ஒப்பிடும்போது சில வசனங்கள் ஒன்றில் இருந்து இன்னொன்றில் அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்பிலோ இருந்தால் பதற வேண்டாம். மாற்கு 16:9 முதல் 20 வரை அப்படிப்பட்ட பகுதி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அது இல்லை. எதையும் யாரும் மறைக்கவில்லை. பிரதிகளில் உள்ள வேறுபாட்டை வாசகருக்குத் திறந்து காட்டுகிறார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்க ஆசைப்படுபவர்களுக்கு: தொடங்காதீர்கள். யாத்திராகமத்தின் வாதைகள், எசேக்கியேல், தானியேல், சகரியா என்று பழைய ஏற்பாட்டுப் படிமங்களிலேயே கட்டிய நூல் அது. அந்தப் படிமங்கள் தெரியாதபோது, காதில் விழும் விளக்கம் எதுவானாலும் சரியென்றே தோன்றும். பொறுக்க முடியாவிட்டால் ஆசியாவின் ஏழு சபைகளுக்கான கடிதங்கள் உள்ள முதல் மூன்று அதிகாரங்களையும், 4, 5, 21, 22-ஐயும் படியுங்கள். மிருகங்களும் எண்களும் நிறைந்த நடுப்பகுதியைத் தானியேல் படித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.