சம்பளம் நமக்கு, முடிவு மாமாவுக்கு

சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வந்து ரெண்டு நாள் தாங்காது. பாலிசி பிடிக்கிற சொந்தக்கார மாமா ஒருத்தர் ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பார். அம்மா காபி கலக்கப் போன நேரத்தில் ஃபாரம் வெளியே வரும். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் டிக் அடித்தே கொண்டுவந்திருப்பார். "வருஷம் 50,000, இருபது வருஷம். கட்டுறது பத்து லட்சம், வாங்குறது இருபது. டபுள் மாப்ளே!"

டபுளாம் டபுள்! எக்செல்லில் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 6.2 சதவீதம்தான் தேறும். தபால் ஆபீஸ் பிபிஎஃப் என்கிற நீண்டகாலச் சேமிப்புத் திட்டமே 2020 ஏப்ரலிலிருந்து 7.1 கொடுக்கிறது. சரி, காப்பீடாவது உருப்படியா? ஆள் போனால் பத்து லட்சம்தான். ஆரோக்கியமான 25 வயசுக்காரர் அந்த 50,000-இல் கால்வாசிக்கே ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி எடுக்கலாம், அதாவது ஆள் போனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருகிற காப்பீடு. அதைப் பற்றி மாமா வாயே திறக்கமாட்டார், பிரீமியம் சின்னதென்றால் கமிஷனும் சின்னதுதானே.

வயது, வருமானம், ரிஸ்க் எடுக்கும் தெம்பு இதெல்லாம்தான் இளைஞர்களின் முதலீட்டைத் தீர்மானிக்கிறது என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்கள் எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்ததில்லை போல. இங்கே தீர்மானிப்பது முகதாட்சண்யம். "போடுப்பா, நம்ம மாமாதானே" என்று அப்பா சொன்னபிறகு என்ன பேச? வேண்டாமென்றால், அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் "நாலு காசு பாத்ததும் தலைகால் புரியல" என்பார்கள்.

இதில் வெறுத்துப்போகிற பையன் நேரே டெலிகிராம் குரூப்பில் போய் விழுகிறான். எவனோ லாப ஸ்கிரீன்ஷாட் போடுவான், இவன் ஆப்ஷன் வாங்குவான், குறிப்பிட்ட தேதிக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று கட்டுகிற பந்தயம் மாதிரி. பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். 2023-24-இல் ஆடியவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே! காசு போனதும் அதே மாமா, "ஷேர்னாலே சூதாட்டம்னு அப்பவே சொன்னேனே" என்று வருவார். ஆப்ஷனுக்கும், சந்தைக் குறியீட்டில் இருக்கிற கம்பெனிகளில் எல்லாம் பரவலாகப் போடுகிற இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாது. குரூப் அட்மினுக்குத் தெரியும், சொல்லமாட்டான்.

சம்பளம் எவ்வளவு என்று ஊரே கேட்கிறது. எஜுகேஷன் லோன் இன்னும் எவ்வளவு பாக்கி, வேலை போனால் ஆறு மாசம் தாக்குப்பிடிக்க கையில் இருக்கா என்று ஒரு ஆள் கேட்டதுண்டா?

தங்கச்சி அடுத்த மாசம் வேலையில் சேருகிறாள். அதற்குள் அவளுடைய ஆதார் ஜெராக்ஸ் கேட்டு அம்மாவுக்கு போன் வந்தாச்சு. வரட்டும், இந்தத் தடவை காபி நான் போடுகிறேன். ஃபாரத்தை அவளே முழுசா, சத்தமாகப் படிக்கட்டும்.