ஒட்டி மூடிய ஹெட்லைட்

ஹெட்லைட்டுக்குள்ளே பகலில் எரியும் அந்த எல்இடி பட்டை மட்டும்தான் செத்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "முழு செட்டையும் மாத்தணும் சார்" என்கிறார்கள். ஓடு உடைந்ததற்கு வீட்டையே இடித்துக் கட்டச் சொல்கிற கதை.

அப்போதெல்லாம் ஹெட்லைட்டின் எச்4 ரக பல்பு போனால், பின்னாலிருக்கும் ரப்பர் மூடியை உருவி, கம்பி க்ளிப்பை நெம்பி, புதுசை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இப்போது ஹெட்லைட்டின் முன்கண்ணாடியையும் (அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட்) பின்கூட்டையும் பியூட்டைல் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஹீட் கன் காட்டினால் இளகும், சரி. சூடு குறைந்தால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு மறுபடி ஒட்டும். 150 டிகிரியை நெருங்கினால் அந்த முன்கண்ணாடியே கோணிக்கொள்ளும். சில வண்டிகளில் சூட்டுக்கு மசியாத பசை வேறு. கத்தி போட்டு அறுக்க வேண்டியதுதான்.

திறந்த பிறகாவது நிம்மதியா? ஒளியைத் திருப்பியடிக்கும் ரிஃப்ளெக்டரில் விரல் பட்டால் கறை, அழுத்தித் துடைத்தால் அலுமினியப் பூச்சு போச்சு. பழைய பசையை ஓரமெல்லாம் சுரண்டாமல் மூடினால் முதல் மழைக்கே உள்ளே ஆவி படியும்.

நாலு ஸ்க்ரூவும் ஒரு ரப்பர் கேஸ்கெட்டும் போட்டால் ஆகாதா? இத்தனைக்கும் அந்தச் சின்ன எல்இடி போர்டைத் தனியாக விற்கவும் மாட்டார்களாம்.